இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமா? முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆனால் அதில் இரண்டு அல்லது மூன்று ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியவுடன் ஒரு பட்டியல் தோன்றி, விண்டோஸ் வேண்டுமா, லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். நாம் தேர்ந்தெடுப்பது இயங்கத் தொடங்கும். இதைத்தான் மல்டி பூட் என்கிறோம்.

இந்த ஏற்பாட்டில் பலருக்கு மீண்டும் ஆர்வம் வந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 தொகுப்பிற்கான பொதுவான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. 2021ல் வெளியான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட யாருக்கு மனது வரும்? எனவே லினக்ஸை அருகில் வைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வருகிறது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்களிலும், படிப்பிற்காகவோ ஆர்வத்தினாலோ இன்னொரு சிஸ்டத்தைச் சேர்க்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு இரண்டு வகையான அறிவுரைகள் கிடைக்கின்றன. ஒன்று, "எதற்கு வம்பு? தொடாதீர்கள்" என்பது. மற்றொன்று, "பத்து நிமிட வேலை, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்து கொண்டே போங்கள்" என்பது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இன்னொரு சிஸ்டத்தைச் சேர்ப்பது உங்கள் உரிமை. கடினமான வேலையும் அல்ல. ஆனால் ஒவ்வொரு படியிலும் "இது சரியாக வராவிட்டால் எப்படித் திரும்புவேன்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரியாத படியில் கால் வைக்கக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இழப்பு எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். மல்டி பூட் என்றவுடன் எல்லோரும் பயப்படுவது, கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் போய்விடுமோ என்றுதான். கருப்புத் திரையும் அதில் ஒரு வரி ஆங்கிலமும் வந்து நின்றால் எல்லாமே போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் எதுவும் போயிருக்காது. சிஸ்டத்தை எழுப்பும் சிறிய புரோகிராம் மட்டும் இடம் மாறியிருக்கும், அல்லது வரிசை மாறியிருக்கும். வீட்டின் முன்கதவுச் சாவி தொலைந்துவிட்டது போன்றது இது. உள்ளே இருக்கும் பொருட்கள் அப்படியேதான் இருக்கின்றன.

மாறாக, பார்ட்டிஷன் ஒன்று தவறுதலாக பார்மட் ஆகிவிட்டால் அது வேறு கதை. அதில் இருந்த திருமணப் போட்டோக்கள், பிள்ளைகளின் பிராஜக்ட்கள், பல ஆண்டுக் கணக்குகள் எல்லாம் போகும். ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்கும் சாப்ட்வேர்கள் ஓரளவு உதவலாம். எஸ்.எஸ்.டி. டிரைவ்களில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை டிரைவே துடைத்துத் தயாராக வைத்துக் கொள்ளும் டிரிம் என்ற ஏற்பாடு அவற்றில் இருப்பதுதான் காரணம்.

ஆக, பூட் ஆகாமல் போவது தொந்தரவு. பைல்கள் போவதே இழப்பு. நம்மில் பலர் தொந்தரவுக்குப் பயந்து, இழப்பைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிடுகிறோம்.

பழைய விதி எங்கிருந்து வந்தது?

"முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்" என்ற விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இதற்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. பழைய பயாஸ் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாருக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதன் அளவு வெறும் 512 பைட். அதில் 446 பைட் பூட் புரோகிராமிற்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஆக, பூட் புரோகிராமிற்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. யார் கடைசியாக வந்தாரோ அவர் அதில் உட்கார்ந்து கொள்வார். விண்டோஸ் வந்தால் லினக்ஸைக் கண்டு கொள்ளாது. லினக்ஸின் கிரப் என்ற பூட் புரோகிராமோ விண்டோஸையும் தன் பட்டியலில் சேர்த்துக் கொள்ளும். எனவே லினக்ஸைக் கடைசியில் நிறுவுவது வசதியாக இருந்தது.

விண்டோஸ்களுக்குள்ளேயே கூட இந்தச் சிக்கல் உண்டு. 2007ல் கடைகளுக்கு வந்த விஸ்டா, பூட் ஆகும் முறையையே மாற்றியது. விஸ்டா உள்ள கம்ப்யூட்டரில் பிறகு எக்ஸ்பி நிறுவினால், எக்ஸ்பி தன் பழைய முறையை எழுதிவிடும். விஸ்டா கண்ணில் படாது. பழையது முதலில், புதியது பிறகு என்ற துணை விதி இப்படித்தான் பிறந்தது.

மல்டி பூட் நமக்குப் புதியதும் அல்ல. தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அதாவது, மல்டி பூட் என்ற சொல்லையே கேள்விப்படாத பல வீடுகளில் மல்டி பூட் கம்ப்யூட்டர் இருந்தது.

உங்களிடம் இருப்பது அந்தக் காலத்து எம்.பி.ஆர். கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருக்க முடியாது. தயாரித்த நிறுவனமே நான்கையும் பயன்படுத்தியிருந்தால், ஐந்தாவதை உருவாக்க முயலும்போது விண்டோஸ் "டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?" என்று கேட்கும். மாற்ற வேண்டாம். மாற்றினால் அதில் லினக்ஸ் நிறுவுவது பெரும் சிக்கலாகிவிடும்.

ஆபத்து இடம் மாறிவிட்டது

இன்றைய கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குப் பதில் யு.இ.எப்.ஐ. இருக்கிறது. டிஸ்க்கில் எம்.பி.ஆர். முறைக்குப் பதிலாக ஜி.பி.டி. முறை. இதில் நான்கு பார்ட்டிஷன் என்ற வரம்பு இல்லை. விண்டோஸில் 128 வரை வைத்துக் கொள்ளலாம். பூட் புரோகிராம்களுக்கு என்று இ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற தனி இடம் உண்டு. விண்டோஸ் நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்.பி. அளவில் இதை உருவாக்குகிறது. இதில் விண்டோஸுக்கு ஒரு போல்டர், லினக்ஸுக்கு ஒரு போல்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கும். ஒற்றை நாற்காலி போய், ஆளுக்கு ஓர் அறை வந்துவிட்டது. எனவே லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸை நிறுவினாலும், விண்டோஸ் தன்னை வரிசையில் முதலில் நிறுத்திக் கொள்ளுமே தவிர, லினக்ஸின் போல்டர் அங்கேயே இருக்கும்.

ஆகவே "முதலில் விண்டோஸ்" என்ற விதியை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. இன்று சொல்லித்தர வேண்டிய ஆபத்துகள் வேறு. நான்கைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, பூட்டு. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தவுடன், டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பூட் அமைப்பில் கை வைத்தவுடன், 48 இலக்க ரெகவரி கீயைக் கொடு என்று விண்டோஸ் கேட்கலாம். அது இல்லை என்றால், டிஸ்க் நன்றாக இருந்தும் உங்கள் பைல்கள் உங்களுக்கே கிடைக்காது.

இரண்டாவது, பாஸ்ட் ஸ்டார்ட் அப். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் இது இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை; பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எதையாவது எழுதினால் பைல்கள் கெட்டுப் போக வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, இ.எப்.ஐ. பார்ட்டிஷனை பார்மட் செய்துவிடுவது. சிறியதாக, பெயர் இல்லாமல் இருப்பதால் வேண்டாத ஒன்று என்று நினைத்து பார்மட் பெட்டியில் டிக் அடித்துவிடுகிறார்கள். எல்லா சிஸ்டங்களின் பூட் புரோகிராமும் ஒரே நொடியில் போய்விடும்.

நான்காவது, ஒரே பெயர். உபுண்டு, குபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இந்தப் பார்ட்டிஷனில் பயன்படுத்துவது உபுண்டு என்ற ஒரே போல்டரைத்தான். உபுண்டு இருக்கும் கம்ப்யூட்டரில் மின்ட்டைச் சேர்த்தால் முன்னதன் பூட் புரோகிராமை இது மேலெழுதும். ஆளுக்கு ஓர் அறை என்றேன். இவர்கள் மட்டும் ஒரே அறைக்காரர்கள்.

டி டிரைவ் பேக்கப் ஆகாது

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. முக்கியமான பைல்களை சி டிரைவிலிருந்து டி டிரைவிற்கு காப்பி செய்துவிட்டு, பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பது. சி டிரைவை மட்டும் பார்மட் செய்யும்போது இது உதவும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போடப்பட்ட கோடுகள்தான். இப்போது நாம் செய்யப் போகும் வேலையே அந்தக் கோடுகளை அழித்து எழுதுவது. டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவும் ஆப்ஷனைத் தவறிக் கிளிக் செய்தால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும்.

பேக்கப் என்றால் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைக்கக் கூடிய இன்னொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். காப்பி செய்தபின், நான்கைந்து போட்டோக்களையும் டாகுமெண்ட்களையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்து விடுங்கள். நிறுவும் நேரத்தில் அது கம்ப்யூட்டரில் இணைந்திருக்கக் கூடாது. இன்ஸ்டாலர் காட்டும் டிஸ்க் பட்டியலில் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால், கை தவறி அதையே அழிக்கும் ஆபத்து இருக்கிறது.

தொடங்கும் முன்

பேக்கப் எடுத்தபின் கீழ்க்காண்பவற்றை விண்டோஸில் இருந்தபடியே செய்திடவும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் என்று தேடித் திறக்கவும். அதில் பயாஸ் மோட் என்ற வரியில் யு.இ.எப்.ஐ. என்றோ லெகஸி என்றோ இருக்கும். புதிய சிஸ்டத்தின் பென் டிரைவையும் அதே முறையில் பூட் செய்ய வேண்டும். ஒன்று ஒரு முறையிலும் மற்றொன்று வேறு முறையிலும் இருந்தால் ஒரே பட்டியலில் இரண்டும் வராது.

செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்க்கவும். இயங்கினால், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் உள்ள 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதிக் கொள்ளவும். அதே கம்ப்யூட்டரில் பைலாக வைத்துப் பயன் இல்லை. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். புதியவர்கள் என்கிரிப்ஷனை நிறுத்தி, அது முழுவதும் நீங்கிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் பற்றிய பிரிவில் பாஸ்ட் ஸ்டார்ட் அப் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்து விடவும்.

விண்டோஸை எழுப்பித் தரும் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்துக் கொள்ளவும். ரெகவரி டிரைவ் உருவாக்கும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. அதற்குக் குறைந்தது 16 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். தயாரித்ததும் ஒருமுறை அதைக் கொண்டு பூட் செய்து பார்க்கவும். சோதிக்காத பென் டிரைவை நம்பி இறங்கக் கூடாது.

இடம் ஒதுக்க, டிஸ்க் மேனேஜ்மெண்ட் சென்று சி டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவதுதான் பாதுகாப்பானது. 50 ஜி.பி. வேண்டும் என்றால் 51200 எம்.பி. என்று தரவும். கிடைத்த காலி இடத்தை பார்மட் செய்யாமல் அப்படியே விட்டுவிடவும். பிறகு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கவும்.

டிஸ்க் மேனேஜ்மெண்ட் காட்டும் அந்தத் திரையை செல்போனில் படம் எடுத்து வைக்கவும். லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. அளவை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்போது இந்தப் படம்தான் உங்களுக்கு வழிகாட்டி.

கடைசியாக மின்சாரம். பார்ட்டிஷன் வேலை நடுவில் இருக்கும்போது கரண்ட் போனால் விளைவு மோசமாக இருக்கும். லேப்டாப் என்றால் முழு சார்ஜுடன் சார்ஜரையும் இணைத்து வைக்கவும். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நிறுவும் நேரம்

பென் டிரைவில் பூட் ஆனவுடன் இன்ஸ்டால் பட்டனைத் தேடாதீர்கள். பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில், நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கும் வசதி உள்ளது. வைபை, ஒலி, டச்பேட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அதில் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் எதையும் இழக்காமல் வெளியே வந்துவிடலாம்.

நிறுவும்போது, டிஸ்க்கை அழித்து நிறுவு, விண்டோஸுடன் சேர்த்து நிறுவு, நாமே பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுப்பது என்று வழிகள் காட்டப்படும். முதல் வழியை நெருங்கவே கூடாது. ஒரே ஒரு விண்டோஸ் மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் இரண்டாவது வழி பெரும்பாலும் சரியாகவே நடக்கும். ஆனால் ஏற்கனவே இரண்டு சிஸ்டங்கள் இருந்தால், மூன்றாவதற்கான இடத்தை இன்ஸ்டாலரே முடிவு செய்வதை நான் விரும்பமாட்டேன். மூன்றாவது வழியில் சென்று, நாம் ஒதுக்கிய காலி இடத்தை மட்டும் காட்ட வேண்டும். இ.எப்.ஐ. பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்லலாம். பார்மட் செய்யச் சொல்லக் கூடாது. எழுதத் தொடங்கும் முன் என்னென்ன மாறப் போகிறது என்று ஒரு சுருக்கம் காட்டப்படும். அதை வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு பார்ட்டிஷன் அதில் இருந்தால் பின்னால் வந்துவிடுங்கள். அதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது.

இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால், யு.இ.எப்.ஐ. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் மோடை மாற்றுங்கள் என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸை அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. எனவே அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

மூன்றாவது சிஸ்டம் வரும்போது

இரண்டு லினக்ஸ்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் சில கூடுதல் கவனங்கள் தேவை. இரண்டும் ஒரே ஸ்வாப் பார்ட்டிஷனைப் பயன்படுத்தலாம். ஆனால் புதிய இன்ஸ்டாலர் அதை மீண்டும் பார்மட் செய்தால் அதன் அடையாள எண் மாறிவிடும். பழைய லினக்ஸ் பூட் ஆகும்போது அந்த எண்ணைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்துக் கிடக்கும். ஒன்றை ஹைபர்னேட் நிலையில் விட்டுவிட்டு மற்றொன்றில் நுழையவே கூடாது. பயனாளரின் ஹோம் போல்டரை இரண்டிற்கும் பொதுவாக வைத்தால் செட்டிங்ஸ்கள் மோதிக் கொள்ளும். டாகுமெண்ட்களுக்கு மட்டும் ஒரு பொதுப் பார்ட்டிஷன் வைத்துக் கொள்வது நல்லது.

நிறுவிய பின் பூட் பட்டியலில் ஒரு சிஸ்டத்தைக் காணவில்லை என்றால் அது அழிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 2021ல் வெளியான கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற சிஸ்டங்களைத் தேடிச் சேர்க்கும் வசதி தொடக்கத்தில் நிறுத்தியே வைக்கப்பட்டுள்ளது. அதை இயக்கினால் விடுபட்ட சிஸ்டம் பட்டியலுக்கு வந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கலாம். இது பழுது அல்ல. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. இரண்டில் ஒன்றின் செட்டிங்ஸை மாற்றினால் சரியாகிவிடும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் பெயரும் எழுத்தும் இல்லாமல் காலியானவை போலத் தெரியும். சில மாதங்கள் கழித்து, இது எதற்கு வீணாக இருக்கிறது என்று டெலீட் செய்துவிடாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பூட் ஆகவில்லையா? பதறாதீர்கள்

பதறாத காரியம் சிதறாது. பைல்கள் பறிபோகும் பல கதைகளில், குற்றவாளி இன்னொரு சிஸ்டத்தை நிறுவியது அல்ல. அதன்பின் வந்த பதற்றம் என்றே நான் நினைக்கிறேன். பூட் ஆகவில்லை என்றவுடன் விண்டோஸை மீண்டும் நிறுவ முயல்கிறோம். பார்ட்டிஷன்களை எல்லாம் டெலீட் செய்கிறோம். உண்மையான இழப்பு அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது.

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட செக்யூரிட்டி அப்டேட்டை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். பாதுகாப்புக் குறை உள்ள பழைய லினக்ஸ் பூட் புரோகிராம்களைத் தடுக்க அது வந்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இது பொருந்தாது என்று அந்நிறுவனம் கூறியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட சில கம்ப்யூட்டர்களிலும் அது செயல்பட்டு, லினக்ஸ் பூட் ஆக மறுத்தது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களின் பைல்களுக்கும் எதுவும் ஆகவில்லை. செக்யூர் பூட் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி உள்ளே நுழைய முடிந்தது. லினக்ஸ் அழிந்துவிட்டது என்று நினைத்து பார்ட்டிஷனை பார்மட் செய்திருந்தால் மட்டுமே நஷ்டம்.

எனவே வரிசையாகச் செல்லுங்கள். முதலில் யு.இ.எப்.ஐ. செட்டிங்ஸில் பூட் ஆர்டரைப் பாருங்கள். பல நேரம் அங்கே வரிசையை மாற்றினாலே போதும். அடுத்து, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, பேக்கப்பில் இல்லாத புதிய பைல்கள் இருந்தால் அவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். அதன் பிறகே ரெகவரி டிரைவில் உள்ள ஸ்டார்ட் அப் ரிப்பேர் போன்றவை. மீண்டும் நிறுவுவது கடைசி வழி.

அவசியம்தானா?

இவ்வளவையும் படித்தபின், எனக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்டால் அதுவும் நல்ல கேள்விதான். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் விருப்பம் என்றால் பென் டிரைவிலேயே இயக்கலாம். படிப்பிற்காக என்றால் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச சாப்ட்வேரை விண்டோஸில் நிறுவி, அதற்குள் லினக்ஸை இயக்கலாம். 8 ஜி.பி. ராம் இருந்தால் வசதியாக இருக்கும். பார்ட்டிஷனைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

தினசரி பயன்படுத்தவே வேண்டும் என்றால், டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை இன்னொரு டிஸ்க்தான். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்து விடுங்கள். இணைப்பில் இல்லாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது. பிறகு கேபிளை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் தொடங்கும்போது எப்12 போன்ற கீயை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் புதிய டிஸ்க்கை எடுத்துவிடலாம். திரும்பும் வழி இதைவிட எளிதாக இருக்க முடியாது.

இந்த வேலையைக் கடைக்காரரிடம் கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பைல்களுக்கு எங்கே பேக்கப் எடுப்பீர்கள்? எந்த பார்ட்டிஷனில் கை வைப்பீர்கள்? பூட் ஆகாவிட்டால் எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டு வருவீர்கள்? தெளிவான பதில் வந்தால் கொடுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம் சார்" என்று மட்டும் சொன்னால் கம்ப்யூட்டரை வீட்டிற்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

விண்டோஸை மீண்டும் வாங்கலாம். லினக்ஸை மீண்டும் டவுன்லோட் செய்யலாம். உங்கள் வீட்டுப் போட்டோக்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவற்றின் பிரதி அலமாரியில் இருக்கிறது என்ற உறுதி இருந்தால், மூன்றாவது என்ன, நான்காவது சிஸ்டத்தையும் தைரியமாகச் சேர்த்துப் பாருங்கள்.